அயர்லாந்துக் குடிசைகள்

பொருட்காட்சிசாலை என்றதும் நமது மனக்கண் முன் வருவன பெரும்பாலும் அரசர்களின் உடைமைகளே. வாள், கேடயம், சிம்மாசனம், செப்புப் பட்டயம், பொற்காசு, மூக்கு முறிந்த சிலை ஆகியவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, கீழே ஒரு சீட்டில் காலத்தையும் எழுதி ஒட்டிவிட்டால் பொருட்காட்சிசாலை ஆகிவிடுகிறது. உழுது விதைத்து அந்த அரசர்களுக்கும் சோறு போட்டவன் எந்த வீட்டில் உறங்கினான், எந்தப் பானையில் சமைத்தான், அடைமழையில் அவன் கூரை எப்படித் தாங்கிற்று என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆள் கிடையாது. அரசனுடைய வாளுக்கு ஆயுள் நீளம். குடியானவனுடைய குடிசையோ, கூரை மாற்றாமல் விட்டால் இரண்டு மழைக்காலத்துக்குமேல் நிற்பதில்லை.

இந்தக் குறையை முதலில் உணர்ந்து பரிகாரம் தேடியவர்கள் ஸ்வீடன் தேசத்தார். 1891-ம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரில் ஆர்தர் ஹாஸேலியஸ் என்பவர் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்து வந்து, வெட்டவெளியில் மறுபடி எழுப்பி, 'ஸ்கான்ஸென்' என்ற பெயரில் ஒரு காட்சிசாலை அமைத்தார். பிறகு பல தேசத்தாரும் அவ்வழியைப் பின்பற்றினார்கள். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-ம் ஆண்டில் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ராவும் இந்த வம்சத்தைச் சேர்ந்ததே. அதைப் பார்த்திருக்கும் நேயர்களுக்கு நாம் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இந்த வாரம் நாம் எழுதப் புகுவது அயர்லாந்தில், கிளேர் ஜில்லாவில், பன்ராட்டி என்னும் ஊரில் ஒரு பகல் முழுவதும் சுற்றிப் பார்த்த காட்சிசாலையைப் பற்றி. ஊரின் பெயரைப் பண்ருட்டி என்று படித்துவிட்டுப் பலாச்சுளையை எதிர்பார்க்கும் நேயர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். ராட்டி என்னும் சிற்றாறு ஷானன் நதியின் கழிமுகத்தில் வந்து விழுகிற இடம் அது. 'ராட்டியின் வாய்' என்பதே ஐரிஷ் மொழியில் அந்தப் பெயருக்குப் பொருள்.

லிமெரிக் நகரிலிருந்து போகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது ஒரு கோட்டை. சதுரமாய், உயரமாய், நாலு மூலையிலும் நாலு கோபுரத்துடன் நிற்கிறது. 1425-ம் ஆண்டை ஒட்டி மக்னமாரா வம்சத்தார் கட்டியது. பின்னர் ஓ'பிரையன் வம்சத்தார் கைக்கு வந்தது. வெகுகாலம் பாழடைந்து கிடந்ததை 1954-ம் ஆண்டில் கோர்ட் பிரபு விலைக்கு வாங்கிச் செப்பனிட்டார். வருகிறவர்களில் பாதிப்பேர் கோட்டையின் சுழற்படிகளில் ஏறி இறங்கி, நாலைந்து புகைப்படம் எடுத்துக்கொண்டு, திருப்தியுடன் திரும்பிவிடுகிறார்கள். கோட்டையைப் பற்றி நாம் இதற்குமேல் எழுதப் போவதில்லை. கோட்டைகள் எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

கோட்டைக்குப் பின்புறம் 26 ஏக்கர் நிலப்பரப்பில் குடியானவர் வீடுகள் சிதறிக் கிடக்கின்றன. அவை அங்கே வந்த கதை வேடிக்கையானது. பன்ராட்டிக்கு அருகில் ஷானன் விமான நிலையம் இருக்கிறது. அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்துவரும் விமானங்கள் முன்னாளில் எண்ணெய் போட்டுக்கொள்ள இறங்கிய இடம் அது. பெரிய ஜெட் விமானங்கள் வந்தபோது ஓடுபாதையை நீட்ட வேண்டியதாயிற்று. நீட்டும் வழியில் ஒரு பழைய குடியானவன் வீடு குறுக்கே நின்றது. இடித்துத் தள்ளிவிடலாம் என்பதே எவருக்கும் முதலில் தோன்றக்கூடிய யோசனை. ஆனால் அதைக் கல் கல்லாகப் பிரித்துக் கோட்டைக்குப் பின்னால் கொண்டுவந்து கட்டினார்கள். 1964-ம் ஆண்டில் காட்சிசாலை பிறந்தது. பிறகு ஒவ்வொன்றாக வீடுகள் சேர்ந்தன. சில, இருந்த இடத்திலிருந்து பெயர்த்து வந்தவை; சில, அசலைப் பார்த்து அப்படியே கட்டியவை. இன்றைக்கு முப்பதுக்கு மேற்பட்ட கட்டடங்கள் இருக்கின்றன.

லூப் ஹெட் என்பது கிளேர் ஜில்லாவின் மேற்குக் கோடியில் சமுத்திரத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலமுனை. அங்கே வாழ்ந்த மீன்பிடிக்கும் குடியானவனுடைய வீட்டைப் பார்த்தபோது நமது கண் நேரே கூரைக்குச் சென்றது. வைக்கோல் வேய்ந்த கூரையின்மீது வரிசை வரிசையாகக் கயிறுகளைப் போட்டு இழுத்து, சுவரில் பதித்த முளைகளில் கட்டியிருக்கிறார்கள். பொதி மாட்டின் முதுகில் மூட்டையை இறுகக் கட்டியது போன்ற தோற்றம். அந்த முனையில் அடிக்கும் புயலைக் கண்ணால் காணாமலே அந்தக் கயிறுகளைக் கொண்டு அளந்துவிடலாம். உள்நாட்டு வீடுகளின் கூரையில் கயிறு கிடையாது. அங்கெல்லாம் ஹேஸல் மரத்தின் மெல்லிய கொம்புகளை வளைத்து, வைக்கோலின் மேல் ஊசிபோல் குத்தி நிறுத்தினால் போதும். வைக்கோலுக்கு அடியில், புல்லோடு சேர்த்துப் பாய்போல் சுருட்டி எடுத்த மண் பத்தையைப் பரப்புகிறார்கள். கொம்பு குத்தி நிற்பதற்கு அந்த மண்ணே பிடிமானம்.

கதவில் ஒரு விசேஷம் உண்டு. நமது கதவு இடமும் வலமுமாகப் பிரியும்; அவர்களுடைய கதவு மேலும் கீழுமாகப் பிரிகிறது. பகலில் மேற்பாதியைத் திறந்து வைத்துக் கீழ்ப்பாதியைச் சாத்திவிடுகிறார்கள். வெளிச்சமும் காற்றும் உள்ளே வரும்; கோழி வராது; குழந்தை வெளியே போகாது. வழியோடு போகிற அண்டைவீட்டான் அந்தப் பாதிக் கதவின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு அரைமணி நேரம் ஊர்வம்பு பேசுவதற்கும் அது தோதான உயரம். நமது கிராமத்துத் திண்ணை செய்யும் வேலையை அங்கே பாதிக் கதவு செய்து வந்ததுபோலும்.

வீட்டின் ஜீவன் இருப்பது அடுப்பிலேதான். விறகு அருமையான நாடு அது. சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் புல்லும் பாசியும் மக்கிப் படிந்த மண்ணை நீண்ட செங்கல் வடிவமாக வெட்டி எடுத்து, வெயிலிலும் காற்றிலும் உலர்த்தி எரிக்கிறார்கள். 'டர்ஃப்' என்று அதற்குப் பெயர். சுவாலை அதிகம் இராது. நின்று நிதானமாக எரியும். அதன் புகையில் ஒருவகை மண்வாசனை வீசுகிறது. ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். இரவில் கனலைச் சாம்பலால் மூடிவைத்து, காலையில் அதைக் கிளறியே மறுபடி தீ வளர்ப்பார்கள். அடுப்பை அணையவிடுவது அமங்கலம். தாத்தா காலத்துத் தீ பேரன் காலம்வரை அணைந்ததே இல்லை என்று பெருமை பேசிய குடும்பங்கள் உண்டு. அடுப்புக்குமேல் கதவைப்போல் திரும்பும் ஓர் இரும்புக் கொம்பு இருக்கிறது. அதில் கொக்கி மாட்டிச் சட்டியைத் தொங்கவிடுகிறார்கள். தட்டையான இரும்புச் சட்டிக்குள் மாவை வைத்து மூடி, மூடியின் மேலும் கனலை அள்ளி வைத்தால், மேலும் கீழும் வெந்து ரொட்டி ஆகிவிடுகிறது. அங்குள்ள ஸ்திரீகள் நமது கண்ணெதிரே அதைச் செய்து காட்டினார்கள். வெண்ணெய் தடவி ஒரு துண்டு கிடைத்தது. பசி வேளையாதலால் அதன் ருசியைப்பற்றி நாம் நடுநிலைமையுடன் எழுதுவதற்கில்லை.

இன்னொரு வகை வீடு மேற்குப் பிரதேசத்து ஏழைகளுடையது. நீளமான ஒரே அறை. ஒரு கோடியில் அடுப்பும் மனிதர்களும். மறு கோடியில் பசுமாடுகள். இடையே சாக்கடை ஒன்றே எல்லை. மாட்டின் உடற்சூடு குளிர்காலத்தில் வீட்டுக்கு உதவிற்று. கன்று ஈனும் இரவில் எழுந்து வெளியே ஓட வேண்டியதில்லை. முன்னாளில் இதைக் கண்ட ஆங்கிலப் பிரயாணிகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, இந்த ஜனங்கள் மிருகங்களோடு மிருகமாய் வாழ்கிறார்கள் என்று ஊருக்குத் திரும்பிப் புத்தகம் எழுதினார்கள். மாடு செத்தால் குடும்பமும் செத்துவிடும் என்ற நிலைமையில் இருப்பவன் மாட்டை எங்கே கட்டுவான் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. மாட்டுக்குப் பொங்கலிடும் நாட்டிலிருந்து போன நமக்கு அந்த அறையில் அருவருப்பு ஒன்றும் தோன்றவில்லை.

'பொன் பள்ளத்தாக்கு' என்று பெயர்பெற்ற வளமான பிரதேசத்துப் பெரிய பண்ணையார் வீடும் அங்கே இருக்கிறது. தனித்தனி அறைகள், உயர்ந்த மேஜை நாற்காலிகள், விருந்தினருக்கு மட்டும் திறக்கும் கூடம் எல்லாம் உண்டு. அதிலிருந்து சிறிது தூரம் நடந்தால் 'போஹான் ஸ்கோர்' என்ற சிறு வீட்டுக்கு வந்துவிடலாம். காட்சிசாலை முழுவதிலும் நாம் அதிக நேரம் நின்ற இடம் இதுதான்.

அது சொந்த நிலமில்லாத கூலிக்காரனுடைய வீடு. ஒரே அறை, சாமான் என்று சொல்ல ஒன்றுமில்லை. 'போஹான்' என்றால் குடிசை. 'ஸ்கோர்' என்றால் குச்சியில் கத்தியால் வெட்டிய கீற்று. கூலிக்காரனுக்குப் பண்ணையார் ஒரு குடிசையும், உருளைக்கிழங்கு போட ஒரு துண்டு நிலமும் கொடுப்பார். குத்தகையைப் பணமாகச் செலுத்த அவனிடம் வழியில்லை, உழைத்துத் தீர்க்கவேண்டும். உழைத்த நாள் ஒவ்வொன்றுக்கும் குச்சியில் ஒரு கீற்று. எழுதப்படிக்கத் தெரியாதவனுக்குக் கணக்குப் புஸ்தகமும் பத்திரமும் அந்தக் குச்சியே.

அந்தத் துண்டு நிலத்தில் விளைந்த உருளைக்கிழங்கைத் தவிர அவன் வேறொன்றும் உண்டதில்லை. கடின வேலை செய்யும் ஆண்பிள்ளை நாள் ஒன்றுக்கு 12 முதல் 14 ராத்தல் கிழங்கு தின்றான். கூட மோர் கிடைத்தால் விசேஷம். வேறு எந்தப் பயிரிலும் அத்தனை சிறிய நிலத்தைக் கொண்டு ஒரு குடும்பம் உயிர்வாழ முடியாது. தானியத்தை அவன் விளைவித்தது குத்தகைக்காக; பன்றியை வளர்த்ததும் குத்தகைக்காக. ஆகவே 1845-ம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஒரு நோய் வந்து கிழங்குச் செடிகளைக் கருக்கியபோது, கருகியது ஒரு பயிர் மட்டுமன்று. அடுத்த ஆண்டு அநேகமாக மகசூல் முழுவதுமே நாசமாயிற்று. 1841-ம் ஆண்டு ஜனக்கணிதத்தில் அயர்லாந்தின் ஜனத்தொகை 81,75,124. பத்தே ஆண்டுகளில் அது 65,52,385 ஆயிற்று. சுமார் பத்து லட்சம் பேர் பசியாலும் தொற்று நோயாலும் மாண்டார்கள். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறினார்கள். இந்தக் கிளேர் ஜில்லாவில் மட்டும் 2,86,394 என்பது 2,12,440 ஆகக் குறைந்தது. இன்றுங்கூட அயர்லாந்துத் தீவு முழுவதையும் சேர்த்து எண்ணினால் ஜனத்தொகை 70 லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. 1841-ம் ஆண்டின் கணக்கை அது இன்னும் எட்டிப் பிடிக்கவில்லை.

நேயர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். அந்தக் காலத்து ஜனக்கணித அதிகாரிகள் வீடுகளையும் நான்கு வகுப்பாகப் பிரித்து எண்ணினார்கள். நான்காம் வகுப்பு என்பது ஒரே அறையுள்ள மண்குடிசை. 1841-ம் ஆண்டில் அத்தகைய குடிசைகள் சுமார் 4,91,000 இருந்தன. நாட்டில் இருந்த வீடுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். 1851-ம் ஆண்டில் மிஞ்சியவை சுமார் 1,35,000. மூன்றரை லட்சம் வீடுகள் பத்து வருஷத்தில் எங்கே போயின? பாதி தாமாகக் கரைந்தன என்று வைத்துக்கொண்டாலும், மற்றவை இடிக்கப்பட்டன. நான்கு பவுனுக்குக் குறைந்த மதிப்புள்ள குத்தகை நிலங்களுக்கு ஏழைகளின் பராமரிப்பு வரியை நிலச்சுவான்தாரே செலுத்தவேண்டும் என்று சட்டம் இருந்தது. ஏழை எவ்வளவுக்கெவ்வளவு அதிகமோ, வரியும் அவ்வளவுக்கவ்வளவு அதிகம். ஏழையை நிலத்தைவிட்டு ஓட்டிவிட்டால் வரியும் ஓடிவிடும். 1847-ம் ஆண்டில் பிறந்த இன்னொரு விதி, கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவன் அதைத் துறந்தாலொழிய சர்க்கார் உதவி பெறக்கூடாது என்றது. குடியானவன் வெளியேறியதும் கூரையைப் பிரித்துவிடுவார்கள். இரவில் திரும்பிவந்து படுக்கக்கூடாது என்பதற்காக. இந்த ஜில்லாவின் கில்ரஷ் பிரதேசம் அப்படிப்பட்ட வெளியேற்றங்களுக்குப் பேர்போனது.

ஆகையால் பன்ராட்டியில் நாம் பார்க்கும் வீடுகளில் பெரும்பாலானவை பிழைத்தவர்களின் வீடுகள். கல்சுவர் எழுப்பச் சக்தியிருந்தவனின் வீட்டைப் பெயர்த்துவந்து கட்டலாம். மண்சுவரை எப்படிப் பெயர்ப்பது? பஞ்சத்தில் மாண்டவனின் வீட்டுக்கும் அந்தக் கதியே. ஒரே ஒரு போஹான் ஸ்கோரை வைத்து லட்சக்கணக்கான குடிசைகளை நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வெள்ளையடித்த சுவரும், ஜன்னலில் பூந்தொட்டியும், ரொட்டி வேகும் வாசனையுமாகச் சுற்றி வருகிற பிரயாணி, பழைய காலம் எத்தனை இன்பமான காலம் என்று நினைத்துக்கொண்டு போய்விடக் கூடும். காட்சிசாலைக்காரர்கள் மீது நமக்கு உள்ள ஒரே குறை இதுதான். அந்தச் சிறு குடிசைக்கு முன்னால் ஜனக்கணித எண்களைப் பெரிய எழுத்தில் ஒரு பலகையில் எழுதி வைத்தால் என்ன?

இந்தப் பஞ்சத்தோடு நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. அச்சமயம் லண்டன் பொக்கிஷ இலாகாவில் உட்கார்ந்துகொண்டு நிவாரணத்துக்கு எவ்வளவு செலவழிக்கலாம், எப்போது நிறுத்தலாம் என்று தீர்மானித்து வந்த முக்கிய உத்தியோகஸ்தர் சார்லஸ் டிரெவெலியன். வியாபாரத்தில் சர்க்கார் குறுக்கிடலாகாது என்பது அவருடைய திடமான கொள்கை. ஜனங்கள் மடிந்துகொண்டிருக்கையில் ஓட்ஸும் வெண்ணெயும் கால்நடைகளும் அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து ஏற்றுமதியாகிக் கொண்டிருந்தன. பிற்பாடு அமெரிக்காவிலிருந்து மக்காச்சோளம் ஏராளமாக இறக்குமதியாயிற்று என்பதும் உண்மை. அதை வாங்கக் கூலிக்காரனிடம் காசில்லை என்பதும் உண்மை. கூலி கொடுப்பதற்காக ரோடு போடச் சொன்னார்கள். 1847-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஏழு லட்சம் பேருக்கு மேல், பட்டினியும் காய்ச்சலுமாக, கல் உடைத்துக் கொண்டிருந்தார்கள். ஓரிடத்தில் தொடங்கி ஓரிடத்திலும் போய்ச் சேராத அந்த ரோடுகள் சிலவற்றை இன்றும் மேற்கு மலைச்சரிவுகளில் காணலாம். இந்தப் பஞ்சம் தெய்வச் செயல் என்ற கருத்தை 1848-ம் ஆண்டில் வெளியான தமது நூலில் டிரெவெலியன் எழுதினார். அதே ஆண்டில் அவருக்கு 'ஸர்' பட்டமும் கிடைத்தது.

அதே ஸர் சார்லஸ் டிரெவெலியன்தான் 1859-ம் ஆண்டில் சென்னைக்குக் கவர்னராக வந்தவர். சென்னையில் பீப்பிள்ஸ் பார்க் என்ற பெரிய பூங்காவைத் தோற்றுவித்தவரும் அவரே. இந்திய சர்க்கார் விதிக்கப் புகுந்த புதிய வரிகள் ஜனங்களால் தாங்க முடியாதவை என்று பகிரங்கமாக எதிர்த்து, அதற்காகவே 1860-ம் ஆண்டில் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். ஆகவே சென்னையில் அவருக்கு நல்ல பெயர். அயர்லாந்திலோ இன்றைக்கும் வசைப் பாட்டில் அவர் பெயர் அடிபடுகிறது. ஒரே மனிதர்தான். கடல் கடந்து வந்ததால் மனம் மாறியதா, அல்லது நேரில் பார்த்த ஜனங்களுக்கும் காகிதத்தில் பார்த்த ஜனங்களுக்கும் உள்ள வித்தியாசமா என்பதைச் சரித்திர மாணவர்கள் ஆராயலாம்.

அவர் போன பின்பு 1876-ம் ஆண்டில் நம் நாட்டில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. ஏற்றுமதி நிற்கவில்லை, ஜனங்கள் கல் உடைத்தார்கள், ஆணின் நாள் கூலியை ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் ஓர் அணாவுமாகக் குறைத்தார்கள். முப்பது வருஷத்துக்கு முன் அயர்லாந்தில் பாடம் எழுதப்பட்டிருந்தும் படிக்கப்படவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அயர்லாந்தின் பஞ்சச் செய்தி எட்டியதும் முதல் முதலில் பெருந்தொகை திரட்டி அனுப்பிய ஊர்களில் கல்கத்தாவும் ஒன்று. சுமார் 14,000 பவுன் அங்கிருந்து போயிற்று.

அயர்லாந்தில் இத்தகைய காட்சிசாலை இது ஒன்றே அன்று. கில்லார்னியில் மக்ராஸ் என்னுமிடத்தில், மின்சாரம் வருவதற்கு முந்திய பண்ணைகளை ஆடுமாடுகளோடு நடத்திக் காட்டுகிறார்கள். மேயோ ஜில்லாவில் டர்லோ என்ற ஊரில், ஒரு பழைய நிலச்சுவான்தார் குடும்பத்தின் தோட்டத்திலேயே, தேசியப் பொருட்காட்சிசாலையின் கிராம வாழ்க்கைக் கிளை 2001-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. குடியானவனுடைய மண்வெட்டியும் வைக்கோற்கயிற்று நாற்காலியும் இன்று துரைமார் தோட்டத்தில் கௌரவமாக வீற்றிருக்கின்றன. மேயோ என்றால் 1879-ம் ஆண்டில் நிலக் கிளர்ச்சி மூண்ட இடம் என்பது நினைவிருக்கலாம். மறு வருஷம் அங்கேதான் குடியானவர்கள் பாய்காட் என்ற பண்ணை ஏஜெண்டுக்கு அறுவடைக்கு ஆளும், கடையில் சாமானும் கிடைக்காமல் செய்தார்கள். அந்த மனிதரின் பெயரே பிறகு பகிஷ்காரத்துக்கு ஆங்கிலச் சொல்லாயிற்று. நம் தேசத்தில் அந்தச் சொல் எவ்வளவு வேலை செய்தது என்பதை விவரிக்க வேண்டியதில்லை. வடக்கே பெல்பாஸ்டுக்கு அருகில் கல்ட்ரா என்ற இடத்தில் 1964-ம் ஆண்டில் திறந்த காட்சிசாலை இவற்றுள் பெரியது. ஆண்ட்ரிம் ஜில்லாக் குடியானவர் வீடும் அங்கே உண்டு. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதி 1856-ம் ஆண்டில் வெளியிட்ட கால்டுவெல், 1814-ம் ஆண்டில் அந்த ஆண்ட்ரிம் ஜில்லாவில்தான் பிறந்தார். இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீட்டைப் பார்த்தவர்கள் கல்ட்ராவையும் ஒருமுறை பார்ப்பது பொருத்தமாயிருக்கும்.

பன்ராட்டிக்குத் திரும்புவோம். குடியானவர் வீடுகளுக்கு அப்பால் ஒரு சிறிய கடைவீதி அமைத்திருக்கிறார்கள். தபாலாபீஸ், ஜவுளிக்கடை, அடகுக்கடை, அச்சுக்கூடம், வைத்தியர் வீடு எல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இருந்தபடி. அந்த வரிசையில் ஒரு பள்ளிக்கூடமும் இருக்கிறது. உபாத்தியாயத் தொழிலில் இருப்பவர்களுக்கு எந்த ஊருக்குப் போனாலும் பள்ளிக்கூடத்தைக் கண்டால் கால் தானே நின்றுவிடும். நீண்ட பெஞ்சிகள், மைக்கூடு வைக்கும் குழிகள், சுவரில் தேசப்படம். நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்தின் மேல்நாட்டு அண்ணன் என்று சொல்லலாம்.

'தேசியப் பள்ளிகள்' என்ற பெயரில் 1831-ம் ஆண்டு முதல் சர்க்கார் ஏற்படுத்திய பள்ளிகளின் மாதிரி அது. பெயர்தான் தேசியம்; போதனை ஆங்கிலத்தில். குழந்தைகள் வீட்டில் பேசிய ஐரிஷ் மொழிக்கு அங்கே இடமில்லை. 1904-ம் ஆண்டில்தான் ஐரிஷ் பேசும் பிரதேசங்களில் இரு மொழியிலும் கற்பிக்கலாம் என்று அநுமதி வந்தது. அதற்குள் பேசுவோர் தொகை வெகுவாகக் குறைந்துவிட்டது. பஞ்சம் அதிகமாக வாரிக்கொண்டு போனது ஐரிஷ் மட்டுமே தெரிந்த ஏழைகளைத்தான்.

கூலிக்காரனுடைய குச்சியைப் பற்றிச் சொன்னோம். பள்ளிக்கூடத்துக் குழந்தையின் கழுத்திலும் அதே குச்சி தொங்கிற்று. 'பாட்டா ஸ்கோர்' என்று பெயர். குழந்தை வாய் தவறி ஐரிஷில் ஒரு வார்த்தை பேசினால் குச்சியில் ஒரு கீற்று. சாயங்காலம் கீற்றுகளை எண்ணி, எண்ணிக்கைக்குத் தக்கபடி அடி. இது சட்டத்தில் எழுதப்பட்ட வழக்கமன்று. பல ஊர்களில் தானே பரவியது. இதில் நம் நெஞ்சைச் சுடுவது, உபாத்தியாயர் மட்டும் கீற்று வெட்டவில்லை என்பது. வீட்டில் குழந்தை பேசினால் தகப்பனே கத்தியை எடுத்துக் கீற்று வெட்டி, காலையில் அடிபட அனுப்புவான். ஆஸ்கார் வைல்டின் தந்தையாரான வில்லியம் வைல்டு இதைக் கண்ணால் கண்டு தமது நூலில் எழுதியிருக்கிறார். தகப்பனுக்குப் பிள்ளைமீது ஆசையில்லை என்று சொல்ல முடியுமா? ஆங்கிலம் தெரிந்தவனுக்குத்தான் கப்பலுக்கு அப்பால் பிழைப்பு என்பதை அவன் பஞ்சத்தில் படித்திருந்தான். தமிழ் பேசினால் அபராதம் என்று விதி வைத்த பள்ளிகள் நம் நாட்டிலும் உண்டு. அந்த அபராதத்தை முகம் சுளிக்காமல் செலுத்திய பெற்றோர்களும் உண்டு. அவர்களையும் நாம் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

தேசம் சுதந்திரம் பெற்றபின் இதே பள்ளிக்கூடங்களில் நடந்த ஒரு காரியத்தை நேயர்களுக்குத் தெரிவிக்காமல் இருக்க முடியவில்லை. பழங்கதைகளையும் வழக்கங்களையும் திரட்டுவதற்கென்று 1935-ம் ஆண்டில் ஐரிஷ் நாட்டாரியல் கமிஷன் ஒன்றை அமைத்தார்கள். பண்டிதர்கள் சிலரால் மட்டும் ஊர் ஊராகப் போய்த் திரட்டி முடிகிற காரியமா அது? 1937-ம் ஆண்டில் ஒரு யோசனை செய்தார்கள். தென்பகுதியின் 26 ஜில்லாக்களிலும் உள்ள ஆரம்பப் பள்ளிகளில், மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு வியாசம் எழுதும் பாடத்தை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் தாத்தா பாட்டியிடமும் அண்டைவீட்டுக் கிழவர்களிடமும் கேட்டுவந்ததை எழுதச் சொன்னார்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட தலைப்புகள் அடங்கிய கைப்புத்தகம் ஒன்று உபாத்தியாயர்களுக்கு அனுப்பப்பட்டது. வெண்ணெய் கடைதல், ஊர்க் கொல்லன், கை வைத்தியம், மழைக் குறி, புதையல், விளையாட்டு, உருளைக்கிழங்குப் பயிர், பஞ்ச காலம் என்று தலைப்புகள் போகின்றன. சுமார் 5,000 பள்ளிகளில் 50,000 பிள்ளைகள் எழுதினார்கள். இரண்டு ஆண்டுகளில் சேர்ந்த ஏடுகள் 7,40,000 பக்கத்துக்குக் குறையவில்லை. செலவு, காகிதமும் மையும்தான்.

அந்த நோட்டுப் புத்தகங்கள் இப்போது டப்ளின் சர்வகலாசாலைக் கல்லூரியில் பத்திரமாக இருக்கின்றன. இணையத்திலும் ஏற்றிவிட்டார்கள்; யார் வேண்டுமானாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே படிக்கலாம். நாம் திரும்பி வந்தபின் சில மாலை வேளைகளை அதில் கழித்தோம். கோடு போட்ட காகிதத்தில், மை கொட்டிய இடத்தில் ஒற்றி எடுத்த அடையாளத்தோடு, பதினொரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் கையெழுத்து. கேட்டுச் சொன்ன கிழவரின் பெயரும் வயதும் ஊரும் பல பக்கங்களின் அடியில் இருக்கின்றன. மண்குடிசையிலே பிறந்தவர்களும், பஞ்சத்தைத் தம் தாய் தந்தையர் வாயிலாகக் கேட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். தலைப்புகளில் 'பழைய பள்ளிக்கூடங்கள்' என்பதும் ஒன்று. அதன் கீழே, குச்சியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போன கதையைக் கிழவர்கள் சொல்ல, பேரப்பிள்ளைகள் எழுதிக்கொண்டு வந்து உபாத்தியாயரிடம் கொடுத்திருக்கிறார்கள்.